மாமியாருக்கு ஒரு வெள்ளிச் சிலந்தி

லியாண்டர் அட்டகாய் தன் மாமியாரின் முகத்தைப் பதினோரு வருஷமாகப் பார்த்ததில்லை. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. அமெரிக்காவின் பூர்வகுடிகளான தினே ஜனங்களில் மாமியாரும் மருமகனும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது, பார்த்தால் இருவருக்கும் கண் அவிந்துபோகும் என்பது முன்னோர் போட்ட கட்டு. எண்பதுகளில் எத்தனையோ வீடுகளில் அந்தக் கட்டைக் காற்றில் விட்டாயிற்று. அவன் மாமியார் டெஸ்பா விடவில்லை.

பெண் எடுத்தவன் பெண்டாட்டி வீட்டோடு வந்து சேருவதும் வழக்கம் என்பதால் சங்கடம் இரட்டிப்பு. சின்லி ஊருக்கு மேலே, பள்ளத்தாக்கின் விளிம்பில், கிழக்கு பார்த்த டெஸ்பாவின் எண்கோண மண்வீட்டுக்கும் லியாண்டரின் டிரெய்லர் வீட்டுக்கும் நடுவே ஓர் ஆட்டுப்பட்டியும் ஒரு ஜூனிபர் மரமும்தான். கல்யாணத்தன்று லியாண்டர் மாமியாருக்குக் கொடுத்த பரிசு, பழைய வெள்ளி நாணயத்தைக் குடைந்து செய்த சுண்டைக்காய் அளவு மணி. டெஸ்பா அதை இடுப்பு வாரில் கட்டிக்கொண்டாள். கிணிங் என்று கேட்டால் லியாண்டர் இருந்த இடத்திலேயே முதுகைக் காட்டித் திரும்பிவிடுவான். அவளுக்கு அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மகள் வெர்னா மூலம் சொல்லுவாள். வெர்னா இல்லையென்றால் நாயிடம் சொல்லுவாள். நாயின் பெயர் மோசி. தினே மொழியில் அதற்குப் பூனை என்று அர்த்தம். பெயர் வைத்தவன் லியாண்டர்.

அவன் சாலைத் துறையில் மண் சமன்படுத்தும் பெரிய வண்டி ஓட்டுபவன். வயது நாற்பத்தொன்று, கட்டை குட்டையான உருவம், சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். கல்யாணத்துக்கு முன் கேலப் ஊரில் ஒரு நகைப் பட்டறையில் ஏழு வருஷம் உட்கார்ந்து ஒரே மாதிரி மோதிரம் செய்தவன். ஒருநாள் காலையில் எழுந்தபோது தூக்கத்திலேயே விரல்கள் மோதிரம் வளைத்துக்கொண்டிருந்தன என்று அவனே சொல்லுவான். அன்றைக்கே கணக்கு முடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். ஊதுகுழலையும் அரத்தையும் மட்டும் விட மனசில்லை. சாயங்காலங்களில் சமையல் மேசைமேல் தகரத்தை விரித்து, தனக்குத் தோன்றியதைச் செய்துகொண்டிருப்பான்.

எண்பத்து நாலாம் வருஷம் ஜூலை மாதம், ஒரு காலை. லியாண்டர் காப்பிக் கோப்பையோடு வாசல் படியில் உட்கார்ந்திருந்தபோது மணிச் சத்தம் கேட்டது. படக்கென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜூனிபர் மரத்துக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏய் மோசி, போன வருஷம் சந்தைக்கு அந்த பெஸ்ஸி வந்தா பாரு, நெஞ்சுல உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளிப் பட்டாம்பூச்சி குத்திக்கிட்டு. பட்டாம்பூச்சி எங்கடா நெய்யுது? நெய்யுறவ நெஞ்சுல என்ன இருக்கணும்? சொல்லு பாப்போம்."

நாய் கொட்டாவி விட்டது.

"தெரியலையா? அதானே. உங்க வீட்டுல யாருக்குத்தான் தெரியும்?"

மணி நகர்ந்து போயிற்று. லியாண்டர் காப்பியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினான். "வெர்னா! உங்கம்மா என்கிட்ட சிலந்தி கேக்குறாங்க!"

"நாய்கிட்டல்ல கேட்டாங்க?"

"நாய்க்கு வெள்ளி வேலை தெரியுமா?"

நெய்கிறவளுக்குச் சிலந்திதான் எல்லாம். எதிரே பள்ளத்தாக்கின் அடியிலிருந்து இரண்டு விரல் நீட்டின மாதிரி வானத்தைத் தொட நிற்கும் பாறையில்தான் சிலந்திப் பெண் குடியிருக்கிறாள். அவளுடைய கதைகளை உறைபனி விழுந்து சிலந்திகள் தூங்கப் போன பிறகுதான் சொல்லலாம். இது கோடையில் தொடங்கின சமாச்சாரம். ஆகையால், தினே பெண்களுக்குத் தறி கொடுத்தவள் அவள் என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. டெஸ்பா பிறந்தபோது அவள் உள்ளங்கையில் சிலந்தி வலையை எடுத்துத் தேய்த்தார்களாம், நெய்து நெய்து கை சலிக்கக் கூடாது என்று. அறுபத்திரண்டு வயதிலும் அந்தக் கை சலிக்கவில்லை. பதினாலு மாதமாகத் தறியில் ஒரு கம்பளம் ஏறியிருந்தது. செப்டம்பரில் விண்டோ ராக் சந்தையில் அதைப் போட்டிக்கு வைப்பதாக இருந்தாள்.

முதல் சிலந்தி ஒரு வாரத்தில் தயாரானது. வெர்னா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"அம்மா கேக்கச் சொன்னாங்க. ஆட்டுக்கு உண்ணி புடிச்சா மருந்து இருக்கு. வெள்ளிக்கு உண்ணி புடிச்சா என்ன மருந்துன்னு."

பொடி வைத்து ஊதுவது தட்டான் தொழில். பொடி வைத்துப் பேசுவதில் அந்தத் தட்டானையே மாமியார் தோற்கடித்துவிட்டாள். லியாண்டர் அந்த உண்ணியை உருக்கிப் போட்டான்.

இரண்டாவதற்குக் கம்பி இழுத்துக் கால்களைத் தனித்தனியாகச் செய்தான். அங்கேதான் வினை. ஒரு காலைப் பற்றவைக்கச் சூடு காட்டினால் பக்கத்துக் காலை ஒட்டவைத்த பற்றாசு இளகிவிடும். எட்டாவதை ஒட்டினால் மூன்றாவது விழும், மூன்றாவதைப் பிடித்தால் ஆறாவது சாயும். ஏழு காலோடு கெஞ்சிப் பார்க்கலாமென்று அனுப்பி வைத்தான்.

"இது யார்கிட்ட சண்டை போட்டுட்டு வந்திருக்குன்னு கேக்குறாங்க," என்றாள் வெர்னா.

லியாண்டருக்குக் கோபம் வரவில்லை. வெறி வந்தது. மோதிரம் செய்த ஏழு வருஷத்தில் ஒருநாளும் வராத வெறி. கொல்லைக் கழிப்பறைக் கதவிடுக்கில் கொழுத்த சிலந்தி ஒன்று இருந்தது. அதன் முன்னால் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தான். அரைமணி நேரம் பார்த்தான். கழிப்பறை அவசரத்தில் வந்த வெர்னா அவனைத் தாண்டிப் போய்த் தாண்டி வந்தாள். பிறகுதான் அவன் கத்தினான்: "வயித்துல இல்ல! வெர்னா, காலு எதுவும் வயித்துல இல்ல! எல்லாம் நெஞ்சுல இருந்து வருது! முழங்கால் முதுகுக்கு மேல நிக்குது, பாரு!"

"நானும் இதுக்குத்தான் உன்னைக் கட்டிக்கிட்டேன்," என்றாள் வெர்னா.

எட்டுக் காலை விழாமல் ஒட்டுவது எப்படி என்பது மட்டும் பிடிபடவில்லை. அது வேலை செய்யும் இடத்தில், உச்சி வெயிலில் பிடிபட்டது. ஓடைக்குக் குறுக்கே பாலக் குழாய் பதிக்க ஆட்கள் இரும்புக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். நீளக் கம்பிகள் நாலு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை குறுக்காகக் கிடந்தன. நடுவில் ஒரே கட்டு, இரண்டு பக்கமும் முனைகள் நீட்டிக்கொண்டு. லியாண்டர் வண்டியை நிறுத்திவிட்டு மேலேயிருந்து குதித்தான்.

"என்னய்யா, பாம்பா?" என்று மேஸ்திரி ஓடி வந்தார்.

"சிலந்தி!"

"சிலந்திக்கா இந்தக் குதி?"

"நாலே நாலு கம்பி! எட்டு இல்ல, நாலு! ஒவ்வொண்ணும் ரெண்டு காலு!" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினான் லியாண்டர். மேஸ்திரி அவனுக்குத் தண்ணீர் கொடுத்து நிழலில் உட்காரச் சொன்னார்.

அன்று வீட்டுக்குப் போனதும் சாப்பாட்டைக்கூடத் தொடவில்லை. நாலு கம்பியையும் நெஞ்சுத் தகட்டுக்கு அடியில் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் அடுக்கி, வெங்காரம் தடவி, பற்றாசுத் துணுக்குகளை வைத்து, நெருப்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். வெள்ளி ரோஜா நிறத்துக்கு வந்தது. சட்டென்று பற்றாசு மின்னிக்கொண்டு ஒரு கோடாக ஓடியது. ஒரே ஓட்டம்! எட்டுக் காலும் நின்றன. பிறகு சாமணத்தால் ஒவ்வொரு முழங்காலாகத் தூக்கி வளைத்தான். வயிற்றுக்கு, ஜோடி தொலைந்துபோன தோட்டிலிருந்து ஒரு பச்சைநீலக் கல்லைப் பெயர்த்தெடுத்துப் பதித்தான். மேசையில் வைத்ததும் சிலந்தி இதோ நடக்கப் போகிறேன் என்று நின்றது. மோசி அதைப் பார்த்து உறுமியது.

வெர்னா கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு நாள் ஆயிற்று. இரண்டு நாள் ஆயிற்று.

"என்ன சொன்னாங்க?"

"நெஞ்சுல குத்திக்கிட்டிருக்காங்க. ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"ஒண்ணுமே."

லியாண்டர் சமையலறையில் ஓர் ஆட்டம் போட்டான். டெஸ்பா வாயிலிருந்து ஒன்றுமே வராத பொருள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அதுவரை இருந்ததில்லை.

செப்டம்பர் வந்தது. கம்பளம் தறியிலிருந்து இறங்கியது. சந்தைக்கு இரண்டு நாள் முன்னால் வெர்னா தங்கையின் பிரசவத்துக்காக ஃபீனிக்ஸ் போய்விட்டாள். டெஸ்பாவைச் சந்தைக்கு அழைத்துப்போவதாக இருந்தவர் அவள் தம்பி. போட்டிக்குப் பொருள் கொடுக்கும் நாளன்று விடிந்ததும் அவருடைய வண்டி உறுமிவிட்டுச் செத்துப்போனது. பகல் பன்னிரண்டு மணிக்குள் கம்பளம் பதிவு மேசைக்குப் போயாக வேண்டும். மேற்கே வானம் கன்னங்கரேலென்று வந்துகொண்டிருந்தது.

லியாண்டர் தன் பிக்கப் வண்டியின் சக்கரத்துக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தபோது மணி வேகவேகமாக வந்தது. அவன் சக்கரத்தை முறைத்தபடி அப்படியே உட்கார்ந்தான்.

"மோசி, இந்த வண்டி விண்டோ ராக் வரைக்கும் போகுமா?"

லியாண்டர் நாயைப் பார்த்துச் சொன்னான்: "மோசி, பறக்கும்னு சொல்லு."

"மோசி, மழை வருது. கம்பளத்தைப் பின்னால தொட்டியில போட முடியாது. கம்பளம் உள்ளதான் வரணும். கம்பளம் எங்கயோ நானும் அங்கதான்."

பிறகு லியாண்டர் ஒரு போர்வையும் நாலு ஆணியும் எடுத்து வந்து, வண்டியின் முன் இருக்கைக்கு நடுவில் கூரையிலிருந்து திரை கட்டினான். இந்தப் பக்கம் அவன். அந்தப் பக்கம் அவளும், மெழுகுத் துணியில் சுருட்டிய கம்பளமும். திரைக்கு அடியில் மோசி, முன்பாதி அவன் பக்கம், பின்பாதி அவள் பக்கம்.

வண்டி கிளம்பியதும்தான் உறைத்தது: வலது பக்கக் கண்ணாடியும் வலது பக்க உலகமும் லியாண்டருக்கு இல்லாமல் போய்விட்டது.

"மோசி! பசு! வலப்பக்கம் பசு!"

அவன் இடது பக்கம் ஒடித்தான்.

"மோசி! அதோட கன்னுக்குட்டி!"

இன்னும் ஒடித்தான். நாய் சரிந்து அவன் மடியில் விழுந்தது.

"மோசி, ரோடு போடுற ஆளுன்னு சொன்னாங்களே, இதுதான் அவர் போட்ட ரோடா? என் எலும்பெல்லாம் இடம் மாறிப்போச்சு!"

"மோசி, இது இன்னொரு ஆளு போட்டது, நான் போட்டது மூணு மைல் தள்ளி இருக்குன்னு சொல்லு!"

மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. தார்ச் சாலைக்குப் போகுமுன் ஒரு ஓடையைக் கடக்க வேண்டும். காலையில் எலும்பாய்க் காய்ந்து கிடந்த ஓடையில் செந்நீர் சக்கரத்தின் பாதி உயரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. மேலே எங்கேயோ கொட்டின மழையின் முழுத் தண்ணீரும் இன்னும் வந்து சேரவில்லை என்பது லியாண்டருக்குத் தெரியும். இப்போது விட்டால் சாயங்காலம்தான். "பிடிச்சுக்கோ மோசி!" என்று கத்திவிட்டு இறக்கினான். தண்ணீர் இரண்டு பக்கமும் சிறகு விரித்தது. எதிர்க்கரையில் ஏறும்போது பின்சக்கரம் சேற்றில் சிக்கி, உய்ய் என்று வெறுமே சுழன்றது.

லியாண்டர் இறங்கினான். வெளியிலிருந்தே கத்தினான்: "மோசி! நான் தள்ளுறேன்! யாராச்சும் இந்தப் பக்கம் நகந்து உக்காந்து வலது கால் மிதியை அமுக்கணும்!"

"யாதிலா!" என்றாள் டெஸ்பா. தினே மக்கள் ஐயையோ என்பதற்குச் சொல்லும் சொல் அது. "மோசி, நான் குதிரைதான் ஓட்டியிருக்கேன்!"

"குதிரையை உதைக்கிற மாதிரிதான், மோசி!"

அவள் உதைத்தாள். எஞ்சின் அலறியது. லியாண்டர் பின்பலகையில் தோளைக் கொடுத்து முக்கினான். சக்கரம் சேற்றை அவன்மேல் வாளி வாளியாக வாரி இறைத்தது. ஓடை வளைவிலிருந்து இடி உருளும் சத்தத்தோடு வெள்ளம் வருவது கேட்டது. "இன்னும்! இன்னும்!" வண்டி ஒரு குலுக்கில் பிடுங்கிக்கொண்டு கரையேறி, நிற்காமல் ஓடி, ஒரு புதரில் போய் மோதி நின்றது. லியாண்டர் தவழ்ந்து கரையேறின அந்த நொடியில், மரங்களைச் சுமந்துகொண்டு வந்த வெள்ளம் அவன் நின்ற இடத்தை மூடிக்கொண்டு போனது.

மணிச் சத்தம் ஓடி வந்தது. அவள் இறங்கிவிட்டாள். ஓடி ஒளிய இடமில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான்.

மணி நின்றது.

"மோசி," என்றாள் டெஸ்பா, மூச்சு வாங்க. "இங்க ஒரு சேத்து மூட்டை நிக்குது. மூஞ்சி எது முதுகு எதுன்னே தெரியல. என் கண்ணுக்கு ஒரு ஆபத்தும் இல்ல." பிறகு குரல் மாறிற்று. "அதுக்குக் கை கால் எல்லாம் சரியா இருக்கான்னு கேளு."

"எட்டும் இருக்குன்னு சொல்லு," என்றான் லியாண்டர், கண்ணைத் திறக்காமலே.

அவள் சிரித்தாள். ஒரு சிறுமியின் சிரிப்பு மாதிரி இருந்தது. பதினோரு வருஷத்தில் அவன் அதைக் கேட்டதே இல்லை.

பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது வண்டி சந்தைத் திடலுக்குள் நுழைந்தது. டெஸ்பா கம்பளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்டுக்கறி வாட்டும் புகைக்கு நடுவே கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள் என்று பிறகு பார்த்தவர்கள் சொன்னார்கள். லியாண்டர் வண்டியோடு இருந்துவிட்டான். மேலே அப்பிய சேறு காய்ந்து வெடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு வறுத்த ரொட்டியை வாங்கி முதல் வாய் வைத்தபோது ஒலிபெருக்கி கூப்பிட்டது:

"லியாண்டர் அட்டகாய். லியாண்டர் அட்டகாய். நகைப் பிரிவு மேசைக்கு உடனே வரவும்."

ரொட்டியை மோசிக்குப் போட்டுவிட்டு ஓடினான். கொட்டகை வாசலில் அந்த மணிச் சத்தம் கேட்டுச் சட்டென்று நின்று, சுற்றிக்கொண்டு பின்பக்க ஜன்னலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றான். பெயர் பதிகிற பெண் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பல் முழுதும் தெரிய அவளுக்குச் சிரிப்பு.

"மாமா, நீங்கதானா? உள்ள ஒரு அம்மா கம்பளத்தைப் பதிஞ்சிட்டு, நெஞ்சுல இருந்த சிலந்தியைக் கழட்டி என் மேசையில வச்சிட்டாங்க. இதையும் எழுதுன்னு. யாரு செஞ்சதுன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'என் மருமவன் செஞ்சான், அவன் பேரை எழுது, எழுத்துப் பிழை இல்லாம எழுது'ன்னாங்க. கையெழுத்துப் போடுங்க, ரெண்டு நிமிஷம்தான் இருக்கு!"

அந்தாள், அந்த வீடு, அந்த வண்டிக்காரன் என்றுதான் இதுவரை. என் மருமவன் என்று அவள் வாயிலிருந்து வந்ததாக அவன் கேள்விப்படுவது இதுதான் முதல் தடவை. கையெழுத்துக் கோணலாக விழுந்தது.

நாலு மணிக்கு முடிவு ஒட்டினார்கள். கம்பளத்துக்கு முதல் பரிசின் நீல ரிப்பன். காட்டு அக்ரூட் தோல் சாயத்தின் பழுப்பும், முயற்புதர் என்கிற காட்டுச் செடிப் பூவின் மஞ்சளும் பட்டை பட்டையாக ஓடி, நடுவில் விரல் நுனி அளவு ஓட்டை. சிலந்தி வலையின் நடுவில் இருப்பது போல, தன் நினைப்பு உள்ளே சிக்காமல் வெளியே வர நெய்கிறவள் விட்டுவைக்கிற வழி அது. அதை நடுவர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாராம். சிலந்திக்கு இரண்டாம் பரிசு, சிவப்பு ரிப்பன்.

லியாண்டர் கொட்டகைக்கு வெளியே தொப்பியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தான். உள்ளே டெஸ்பா கொதித்துக்கொண்டிருந்தாள். நடுவரின் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எந்தக் காலு குட்டை? காட்டு. எட்டையும் எண்ணிக் காட்டு!"

நடுவர் பணிவாகச் சிலந்தியைத் திருப்பிக் காட்டினார். அடியில் ஊசி பூட்டும் கொக்கி ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது. டெஸ்பா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். வெளியே வந்து நாயைத் தேடினாள்.

"மோசி, கொக்கி கோணலாம். எனக்கு முதல் நாளே தெரியும். போனாப் போவுதுன்னு சொல்லாம விட்டேன்."

பத்திரிகையிலிருந்து வந்த புகைப்படக்காரன் இருவரையும் சேர்த்து நிறுத்தப் படாத பாடு பட்டான். கடைசியில் முதுகோடு முதுகு ஒட்டி நின்றார்கள். நீல ரிப்பனோடு அவள் கிழக்கே பார்க்க, சிவப்பு ரிப்பனோடு, காதுவரை சேறாக, அவன் மேற்கே பார்க்க. இருவர் முகத்திலும் ஒரே மாதிரிச் சிரிப்பு என்று படத்தைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். டெஸ்பா படத்தில் பாதியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் பார்த்தாள்.

அந்த வாரமே மூன்று நெசவுக்காரிகள் டிரெய்லர் வாசலில் வந்து நின்றார்கள். ஆளுக்கொரு சிலந்தி வேண்டும். அதில் ஒருத்தி பட்டாம்பூச்சி பெஸ்ஸி. லியாண்டர் ஒப்புக்கொண்டான், ஒரே ஒரு நிபந்தனையோடு: ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது.

சனிக்கிழமை மதியம் வெர்னா ஃபீனிக்ஸிலிருந்து வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. மண்வீட்டுக்குள்ளிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "வெர்னா! கேட்டியா சேதி! வெள்ளம் மலை மாதிரி வருது, நான் தனியா வண்டியை ஓட்டிக் கரையேத்தினேன்!"

டிரெய்லருக்குள்ளிருந்து புருஷன் குரல்: "தள்ளினது யாரு? கேளு! புதர்ல மோதினது யாருன்னும் கேளு!"

"புதரு குறுக்க வந்துச்சுன்னு சொல்லு!"

"நாலு மைலா பசுவே இல்ல, பசு பசுன்னு கத்தினாங்கன்னு சொல்லு!"

"பசு இருந்துச்சு! கன்னுக்குட்டியும் இருந்துச்சு!"

"ஒரே நேரத்துல கத்தாதீங்க ரெண்டு பேரும்!" என்றாள் வெர்னா. ஜூனிபர் மரத்தடியில் பையை வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். "முதல்லேர்ந்து சொல்லுங்க. அம்மா, நீ ஆரம்பி."